உருண்டையாகாத நிலா

“இது மட்டும் ஏன் மேஸ்திரி இப்படிக் கோணலா நிக்குது?”

இந்தக் கேள்வியின் எண்ணிக்கை அந்தச் செவ்வாய்க்கிழமை காலையோடு பதினேழு ஆயிற்று. தர்மன் எண்ணிக்கொண்டுதான் வந்தார். பால்காரர் கேட்டார். சத்துணவு சமைக்கும் அம்மா கேட்டார். ஊராட்சித் தலைவரின் மச்சான் பைக்கை நிறுத்தாமலே கேட்டுவிட்டுப் போனார். மதிலுக்கு வெளியே ஆடு மேய்த்த ஒருவர், ஆட்டை விட்டுவிட்டுத் தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்டார். பதினேழாவதாகக் கேட்டவர் தலைமையாசிரியர் அண்ணாதுரை. அவர் கேட்பது இதோடு மூன்றாவது தடவை.

“சார், அது அப்படித்தான் இருக்கணும்” என்றார் தர்மன். பூச்சுவேலைக் கரண்டியைக் கீழே வைக்காமல்தான் சொன்னார். வைத்தால் பேச்சு நீளும்.

“அப்படித்தான் இருக்கணும்னா என்னப்பா அர்த்தம்? மத்த எட்டும் பந்து மாதிரி இருக்கு. இது லாரியிலேருந்து விழுந்த கல்லு மாதிரி கெடக்கு. பாக்கறவன் கொத்தனாருக்கு வேலை தெரியலன்னுதான் சொல்லுவான். எனக்கு ஒண்ணுமில்ல, உன் பேருதான் கெடும்.”

பேர் என்ற சொல்லை அண்ணாதுரை சார் சும்மா எடுக்கவில்லை. அது தர்மனுக்கும் தெரியும், பக்கத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி காத்தாயிக்கும் தெரியும்.

ஜெயங்கொண்டத்துக்கும் மீன்சுருட்டிக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது கல்லேரிமேடு. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் பின்பக்கம் கருவேலமுள் மண்டிக்கிடந்த இடத்தைச் சுத்தம் செய்து, கோள் பூங்கா கட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டுத் தூண், தூணுக்கு ஒரு கோள். சூரியனுக்கு மட்டும் தூண் கிடையாது. “பூமிய ஒரு அடி உருண்டையா வெச்சா சூரியன நூத்தி ஒம்பது அடிக்குக் கட்டணும்ண்ணே” என்று அறிவியல் டீச்சர் கவிதா சொன்னதும் தர்மன் தலையில் கை வைத்துக்கொண்டார். அதனால் பின்சுவர் முழுக்க மஞ்சள் பெயின்டில் ஒரு வளைவை அடித்து, அதுதான் சூரியனின் ஓரம் என்று முடித்துவிட்டார்கள்.

உருண்டை செய்வது தர்மனுக்குப் பெரிய காரியமில்லை. பிளைவுட்டில் அரைவட்டம் வெட்டி, நடுக்கம்பியில் மாட்டி, ஈரக்கலவை மேல் ஒரு சுற்றுச் சுற்றினால் உருண்டை தானாக வந்துவிடும். எட்டையும் பதினொரு நாளில் முடித்தார். அவரை வதைத்தது ஒன்பதாவதுதான். செவ்வாயின் காலடியில், குட்டை மேடை மேல், இரண்டரை அடி நீளத்துக்கு ஒரு கோணல் உருப்படி. அதற்கு அச்சு கிடையாது. டீச்சர் அச்செடுத்துக் கொடுத்த படத்தைப் பார்த்து, ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி, முனையில் பெரிய பள்ளமும் உடம்பெல்லாம் கீறலுமாகச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு தடவை உடைத்துக் கட்டினார். நான்கு நாள் போயிற்று. அதன் பெயர் ஃபோபோஸ். செவ்வாயின் நிலா.

இத்தனை பாடுபட்டுச் செய்ததைத்தான் வேலை தெரியாதவன் செய்தது என்கிறார்கள்.

தர்மனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மீன்சுருட்டிப் பக்கம் தெற்குத் தெருவில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டார்கள், அடுத்தவர் தோப்பில் முந்திரி பொறுக்கினார்கள். தர்மன் பதினாலு வயதில் திருச்சிக்குச் செங்கல் சுமக்கப் போனார். இருபதில் கரண்டி பிடித்தார். நடுவில் மூன்று வருஷம் கத்தாரில் சுவர் பூசினார். திரும்பி வந்த பிறகு பெரம்பலூர் பக்கம், லப்பைக்குடிக்காட்டில் ஓயாத வேலை. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் வீடு கட்டினால் முகப்பு எழுத்துக்குத் தர்மன்தான் வேண்டும் என்பார்கள். கைப்பிடிச் சுவரில் சிமெண்டிலேயே எழுத்தைப் புடைத்து நிற்க வைப்பார். வீட்டுக்காரர் பேர், அவருடைய அத்தா பேர், கட்டிய வருஷம், மேலே ஒரு பிறை. முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரை எழுதியவர், தன் பேரை ஓரிடத்திலும் எழுதியதில்லை. அவர் குடியிருக்கும் தொகுப்பு வீட்டின் நெற்றியில் கூட அரசுத் திட்டத்தின் பேர்தான் இருக்கிறது.

அதனால்தான், வேலை தொடங்கிய அன்று அண்ணாதுரை சார், “கல்வெட்டுல உன் பேரும் வரும் தர்மா, கட்டியவர்னு போட்டு” என்று சொன்னபோது, தர்மன் போய் ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்தார்.

காத்தாயி அன்று சாயங்காலம் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார். “கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில தெனம் இந்த ஜன்னல்லேருந்து பாக்குறோம். அத கட்டுன கொத்தனாரு பேரு தெரியுமா உனக்கு?”

“தெரியாது.”

“தெரியாதுல்ல? கோயிலு நிக்குதுல்ல?”

“அவன் பேரு தெரியலன்னுதான் இத்தன வருஷமா எனக்குக் கோவம்” என்றார் தர்மன்.

ஃபோபோஸை இரண்டாம் தடவை உடைத்த அன்றுதான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கவிதா டீச்சரைப் பிடித்து நிறுத்தினார். “டீச்சர், எனக்கு நாயம் சொல்லுங்க. எட்டும் உருண்ட. இது மட்டும் ஏன் இல்ல? படம் எடுத்தவன் கை நடுங்கிடுச்சா?”

கவிதா சிரித்துக்கொண்டே பக்கத்தில் செங்கல்லைப் போட்டு உட்கார்ந்தார். “ஆதியில எல்லாமே தூசியும் வாயுவும்தான்ண்ணே. நம்ம சிமெண்ட் பாக்டரி ரோட்டுல பறக்குமே, அந்த மாதிரி. தூசியோட தூசி ஒட்டி மணலாச்சு, மணலு கல்லாச்சு, கல்லு மலையாச்சு. எது பெருசாச்சோ அது மத்ததையெல்லாம் தன்கிட்ட இழுத்துச்சு. இழுக்க இழுக்க இன்னும் பெருசாச்சு.”

“இருக்கறவன்கிட்டயே எல்லாம் போய்ச் சேரும்னு சொல்லுங்க” என்றார் காத்தாயி, தூக்குவாளியைத் திறந்தபடி. “எங்க ஊருலயும் அதே கதைதான்.”

“நூத்துல தொண்ணூத்தொம்பது பங்குக்கு மேல நடுவுல போய்ச் சேந்துச்சுக்கா. அதுதான் சூரியன். தன் கனத்துல தானே நசுங்கிச்சு. நசுங்க நசுங்கச் சூடு ஏறி, ஒரு கட்டத்துல எரிய ஆரம்பிச்சுது. வெறவு மாதிரி எரியறது இல்ல, அணுவும் அணுவும் சேந்து ஒண்ணாகுற சூடு.”

தர்மன் கொத்தனாரின் கேள்வியைக் கேட்டார். “அவ்வளவு கனம் உள்ள அமுக்குதுன்னா இன்னும் ஏன் இடிஞ்சு விழல? எது முட்டுக் குடுக்குது?”

கவிதா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பத்து வருஷமா பாடம் நடத்துறேன், இத யாரும் கேட்டதில்லண்ணே. அந்தச் சூடுதான் முட்டு. அது வெளிய தள்ளுது, கனம் உள்ள தள்ளுது. ரெண்டும் சரிக்குச் சரியா நிக்குது.”

“கெணத்து ஒற மாதிரி” என்றார் தர்மன். “சுத்தி மண்ணு அமுக்கும். ஒற விட்டுக் குடுக்காது. சரி, சூடு தீந்துட்டா?”

“கனம் ஜெயிச்சிடும். அதுக்கு இன்னும் ஐந்நூறு கோடி வருஷம் இருக்கு.”

அவ்வளவு நாளைக்கு எந்தக் கட்டடத்துக்கும் தர்மன் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

“கோளும் அப்படித்தான்” என்றார் கவிதா. “பெருசா இருந்தா, தன் கனமே மேட்ட எறக்கிப் பள்ளத்த மூடி, எல்லாத்தையும் நடுவ பாத்து இழுத்து உருண்டையாக்கிடும். ஃபோபோஸுக்கு அந்தக் கனம் கெடையாது. அரியலூர்ல ஒரு முனைய வெச்சா மறு முனை பெரம்பலூருக்குக் கூட எட்டாது, அவ்வளவு சின்னது. இங்க அம்பது கிலோ சிமெண்ட் மூட்டை அங்க ஒரு கோழிமுட்ட கனம்தான் இருக்கும்.”

“எங்க?” காத்தாயி சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். “அந்த ஊருக்கு எந்த பஸ்ஸு போவுது? நான் அங்கயே சித்தாள் வேலைக்குப் போறேன்.”

கவிதாவுக்குப் புரையேறியது. தர்மன் சிரிக்கவில்லை. தூக்குக்குண்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். நூலில் கட்டிய அந்தக் குண்டு நேராகத் தொங்குகிறது என்ற ஒரே நம்பிக்கையில்தான் அவர் வாழ்நாள் முழுவதும் சுவர் எழுப்பியிருக்கிறார். கனமே இல்லாத ஊரில் அது எதை நோக்கித் தொங்கும்? அப்படிப்பட்ட ஒன்று இந்தக் கோணலில் இருப்பதுதான் நியாயம் என்று பட்டது. மறுநாள் மூன்றாம் தடவையாகக் கட்டினார். இந்த முறை கை தடுமாறவில்லை.

அதற்கடுத்த வாரம் கவிதா டீச்சரைச் சென்னைக்கு இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். போனை அங்கே வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். பதினேழு கேள்விக்கும் பதில் சொல்லும் வேலை தர்மன் தலையில் விழுந்தது.

அன்று, அண்ணாதுரை சார் மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டுப் போன செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்குப் பின் கேட் வழியாக ஒரு அம்மாள் வந்தார். கையில் எண்ணெய்க் கிண்ணம், வாழையிலையில் பூ. செவ்வாய் என்று எழுதிய சிவப்பு உருண்டையை நிமிர்ந்து பார்த்தார். அதன் காலடியில் பூச்சு காய்ந்து சாம்பல் நிறத்தில் கிடந்த ஃபோபோஸைக் குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றினார். மேடையில் மூன்று பொட்டுக் குங்குமம் வைத்தார். தர்மன் உயிரைக் கொடுத்துக் குடைந்த அந்தப் பள்ளத்தில், அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தி உட்கார்ந்தது அகல்விளக்கு.

தர்மன் ஏணியிலிருந்து இறங்கி ஓடினார். “ஆத்தா, ஆத்தா, என்ன பண்றீங்க? இது சாமி இல்ல.”

“செவ்வாய்னு எழுதியிருக்கேப்பா.”

“அது கிரகம். பசங்க படிக்கறதுக்கு வெச்சது.”

“அதான் நானும் சொல்றேன். எம்பொண்ணு மஞ்சுக்குச் செவ்வா தோசம். இருபத்தெட்டு வயசாவுது. வந்த வரனெல்லாம் ஜாதகத்தப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுது.” அவர் பேர் பச்சையம்மாள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே நான்காவது வீடு. “இந்தக் கல்லு எங்க கெடச்சுது? குவாரியில தோண்டும்போது தானா வந்துச்சாமே?”

“நான் கட்டுனேன் ஆத்தா! உள்ள செங்கல்லும் கோழிவலையும் இருக்கு. நாலு நாளு ஆச்சு.”

“நீயா? எந்த ஊரு தம்பி?”

“மீன்சுருட்டிப் பக்கம்.”

“எந்தத் தெரு?”

தர்மன் சொன்னார். பச்சையம்மாள் கையிலிருந்த கிண்ணத்தையும் அவர் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “யாரு கையால வரணும்னு அதுக்குத்தான தெரியும்” என்று சொல்லிவிட்டுத் திரியை ஏற்றினார். அது பாராட்டா, பரிகாரமா என்று தர்மனுக்கு விளங்கவில்லை. பின்னால் கலவை வாரிக்கொண்டிருந்த காத்தாயிக்கு விளங்கியிருக்க வேண்டும், மண்வெட்டிச் சத்தம் பலமாகக் கேட்டது.

மறுநாள் ஒரு முழம் பூ கிடந்தது. அதற்கு மறுநாள் இரண்டு எலுமிச்சம்பழம், ஒரு மஞ்சள் துணி. வெள்ளிக்கிழமை யாரோ ஒரு சின்ன வேல் கொண்டுவந்து நட்டிருந்தார்கள். ஒன்று போய் உட்கார்ந்ததும் இன்னொன்று தானாக வந்து ஒட்டியது. தர்மன் காலையில் வந்ததும் எல்லாவற்றையும் வாரி ஓரமாக வைப்பார், சாயங்காலத்துக்குள் அதைவிடக் கூடுதலாகச் சேர்ந்துவிடும். கவிதா டீச்சர் தூசியைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்து அவருக்கு இன்னும் எரிச்சல் மூட்டியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை முப்பது பெண்கள் வந்தார்கள். ஆறாம் வகுப்பு ஜன்னல் வழியாகக் கற்பூரப் புகை போயிற்று. அண்ணாதுரை சார் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

“தர்மா! நாளைக்கு ஓவர்சீயர் வர்றார். வெள்ளிக்கிழமை அறிவியல் தினத்துல திறப்பு விழா. அறிவியல் பூங்காவுல கோயில் கட்டியிருக்கேன்னு என்னைத் தண்ணியில்லாத ஊருக்குத் தூக்கியடிச்சிடுவாங்க. இடிக்கலாம்னா இந்தப் பொம்பளைங்க என்னை இடிச்சிடுவாங்க. ஒரே வழிதான் இருக்கு. இன்னைக்கே இது மேல கலவையப் போட்டு உருண்டையாக்கு. பெயின்ட் அடி. உருண்டையா இருந்தா எவளும் கும்பிட மாட்டா. ஓவர்சீயரும் கேள்வி கேக்க மாட்டார்.”

“உருண்டையாக்குனா அது தப்பு சார்.”

“யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியுமே சார்.”

அண்ணாதுரை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் அல்ல. ஓய்வுக்கு ஒரு வருஷம் இருக்கிற மனிதர். “இங்க பாரு. கல்வெட்டு ஜெயங்கொண்டத்துல தயாராகுது. ஒரு போன் போட்டா ஒரு வரி போயிடும். உருண்டையாக்கு, உன் பேரு இருக்கும். ஆக்கலன்னா எனக்கும் வேற வழியில்ல.”

சொல்லிவிட்டு அவர் போனார். தர்மன் அரைவட்டப் பலகையை எடுத்துப் பார்த்தார். ஒரு மணி நேர வேலை. பள்ளத்தை அடைத்து, ஒடுங்கிய பக்கத்தைக் கட்டி, ஒரு சுற்று. முடிந்தது. பிறகு தன் பேர் கருங்கல்லில் காலத்துக்கும் நிற்கும். கீழே ஒரு பொய்யான நிலாவும் காலத்துக்கும் நிற்கும். இந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அதைப் பார்த்து, கனம் இல்லாததும் உருண்டையாகும் என்று நினைத்துக்கொள்ளும். கட்டியவர் தர்மன்.

“கலவ போடவா?” என்றார் காத்தாயி.

“வேண்டாம்.”

“பேரு?”

“சும்மா இரு புள்ள.”

அந்த ஆத்திரத்தில் நேராகப் பச்சையம்மாளிடம் போனார். “ஆத்தா, இத கேளுங்க. தன்னையே உருட்டிக்கத் தெம்பில்லாத கல்லு இது. ஒரு மூட்ட சிமெண்ட அங்க வெச்சா கோழிமுட்ட மாதிரி மெதக்கும். இது எங்கேருந்து உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளைய இழுத்துக்கிட்டு வரும்?”

பச்சையம்மாள் கோபப்படவில்லை. “பெரிய பெரிய சாமிகிட்டல்லாம் போயாச்சு தம்பி. வைத்தீஸ்வரன் கோயில்ல எட்டு தடவ வரிசையில நின்னேன். அங்கல்லாம் கூட்டம். எம்பேச்சு எங்க காதுல விழும்? இது பாவம், சும்மாதான் உக்காந்திருக்கு. காது குடுத்துக் கேக்கும்.”

தர்மன் திரும்பிப் போய் நடைபாதைக் கல்லைப் பதித்தார்.

புதன்கிழமை ஓவர்சீயர் கலையரசன் வந்தார். முப்பது வயதிருக்கும். டேப்பை நீட்டி ஒவ்வொரு தூணையும் அளந்தார், தட்டிப் பார்த்தார், ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். செவ்வாய்க்குக் கீழே வந்ததும் நின்றார். தர்மனுக்கு அவர் என்ன கேட்கப் போகிறார் என்று தெரியும். பதினெட்டு.

“என்ன மேஸ்திரி இது, இவ்வளவு கோணல்? குங்குமம் வேற?”

அண்ணாதுரை சார் முந்திக்கொண்டார். “சரி பண்ணச் சொல்லிட்டேன் சார். மேஸ்திரிதான் கொஞ்சம்...”

“காத்தாயி” என்றார் தர்மன். “பூச்சுக்கலவை. கெட்டியா. நாலு சட்டி.”

காத்தாயி ஏன் என்று கேட்கவில்லை. கொட்டிக் குழைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். தர்மன் ஒரு கைப்பிடி எடுத்து, தகரத்தின் மேல் விரல் உயரத்துக்குக் கொம்பு மாதிரி பிடித்து நிறுத்தினார். முனையை வளைத்தும் விட்டார். அது அப்படியே நின்றது.

“நிக்குதா சார்?”

“நிக்குது.”

“இப்ப இதே கொம்பு. இடுப்பு உயரத்துக்கு.” மிச்சக் கலவை மொத்தத்தையும் அள்ளி அள்ளி வைத்தார். முழங்கால் உயரம் வந்தபோதே அடி பிதுங்கத் தொடங்கியது. இன்னும் இரண்டு கை வைத்தார். கொம்பு உட்கார்ந்தது, பக்கவாட்டில் பரந்தது, கடைசியில் ஒரு வட்டமான மேடாகக் கவிழ்ந்து கிடந்தது.

“ரெண்டும் ஒரே கலவையா?” என்றார் கலையரசன்.

“ஒரே கலவைதாங்க” என்றது காத்தாயியின் குரல். “ஒரு சட்டியில தண்ணி கூட, ஒரு சட்டியில கொறச்சல்னு நான் போடறதில்ல.”

“இதுதாங்க சார் விஷயம்” என்றார் தர்மன். “கொஞ்சமா இருந்தா கலவையோட பிடிப்பு ஜெயிக்கும், எந்தக் கோணல்ல வெச்சாலும் நிக்கும். நெறைய ஆயிட்டா கனம் ஜெயிக்கும், எல்லாத்தையும் எறக்கி வட்டமாக்கிடும். பூமி, செவ்வா எல்லாம் பெருசு, உருண்ட. இது சின்னது, கோணல். டீச்சர் சொன்னாங்க. இப்ப என் கையும் சொல்லுது.”

கலையரசன் தகரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். முகத்தில் ஒரு மாணவனின் சிரிப்பு வந்திருந்தது. “காலேஜ்ல கான்கிரீட்ட கூம்புல அடச்சு, கூம்பத் தூக்கி, எவ்வளவு உக்காருதுன்னு அளப்போம் சார். எத்தனை தடவை பண்ணியிருக்கேன், நிலாவ நெனச்சதே இல்ல.” எழுந்து நோட்டில் ஏதோ எழுதினார். “இது சரியாத்தான் இருக்கு. கை வைக்க வேண்டாம். குங்குமம் என் வேலையில வராது, அத நீங்க பாத்துக்குங்க.”

தர்மன் கையைக் கழுவிக்கொண்டார். முதன்முறையாக எண்ணிக்கை நின்றது.

வியாழக்கிழமை மத்தியானம் மினி ஆட்டோவில் கல்வெட்டு வந்தது. மூன்றடிக் கருப்புக் கல், பொன்னிற எழுத்து. தர்மன் துணியால் துடைத்துக்கொண்டே வாசித்தார். திறந்து வைப்பவர், முன்னிலை, வரவேற்பு, தலைமையாசிரியர், மேற்பார்வை. கீழே ஒரு பூ வேலை. அதற்குக் கீழே வெறும் கல். இன்னொரு தடவை மேலிருந்து வாசித்தார்.

“செவ்வாய்க்கிழமையே போன் போட்டுட்டேன்ப்பா” என்றார் அண்ணாதுரை சார், கல்லைப் பார்க்காமல். “ஓவர்சீயர் இப்படிச் சொல்லுவார்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்ப நேரமில்ல. அப்புறம் தனியா ஒரு சின்னப் பலகை வெச்சுக்கலாம்.”

அப்புறம் என்ற சொல்லை முப்பது வருஷமாகக் கேட்டு வந்தவர் தர்மன். கரண்டியைக் கழுவினார். ரசமட்டத்தைத் துணியில் சுற்றினார். தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிப் பையில் போட்டார்.

“எங்க கெளம்பிட்ட? கல்ல யாரு பதிக்கறது?”

“அப்புறம் பதிச்சுக்கலாங்க சார்.”

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குத் திறப்பு விழா!”

“ஆமாங்க சார்.”

“நான் வேற கொத்தனாரக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடுங்க. மாசி முகூர்த்தம். இன்னைக்கு எவன் வூட்டுல இருக்கான்னு பாப்போம்.”

அண்ணாதுரை சார் நிஜமாகவே மூன்று பேருக்குப் போன் போட்டார். இரண்டு பேர் கல்யாணத்தில் இருந்தார்கள். மூன்றாமவர், “தர்மண்ணன் வேலையில நான் எப்படிங்க கை வைக்கறது” என்று வைத்துவிட்டார். ஆட்டோ டிரைவர் கல்லை இறக்கவா ஏற்றவா என்று கேட்டுக்கொண்டே நின்றார். ஹெட்மாஸ்டர் இரண்டு கையையும் உதறினார். “ஏத்துய்யா! ஏத்து! எல்லாரும் சேந்து என் உசுர வாங்குங்க!”

ஜெயங்கொண்டத்துக்குக் கல்லோடு கல்லாகத் தர்மனும் காத்தாயியும் போனார்கள். கல் வெட்டுகிற கடைக்காரர் பென்சிலை எடுத்தார். “சொல்லுங்க, என்ன எழுதணும்?”

“கட்டியவர், தர்மன்” என்றார்.

காத்தாயி ஆட்டோவை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு நக்கல் வரவில்லை. ஒரு முனகல் வரவில்லை. இருபத்தாறு வருஷத்தில் தர்மன் கேட்டிராத அமைதி அது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா ஏன் மூஞ்ச அப்படி வெச்சிருக்க?”

“ஒரே கலவையான்னு நேத்து அந்தத் தம்பி கேட்டுச்சே, அத கலந்தது யாருன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“இத்தன நாளா பேரு எதுக்கு, பேரு எதுக்குன்னு கிண்டல் பண்ண?”

“உன் பேரு எதுக்குன்னுதான கேட்டேன்.”

தர்மன் நெற்றியில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் பென்சிலோடு காத்திருந்தார். “எழுதுங்க” என்றார் தர்மன். “கட்டியவர்கள். தர்மன், காத்தாயி.”

“ரெண்டு பேருன்னா எழுத்துப் பொடிசாகுமே.”

“ஆவட்டும். கல்லுலயாவது அவளுக்கும் எடம் இருக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கல்லைச் சுவரில் பதித்தார்கள். தர்மன் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். காத்தாயி குனிந்து பார்த்தார். “உம்பேரு பக்கம் நூலு ஒட்டுது. எம்பேரு பக்கம் ஒரு விரக்கட எடம் விடுது.” தர்மன் கரண்டிக் காம்பால் மெதுவாகத் தட்டினார். “இன்னும்” என்றார் காத்தாயி. தட்டினார். “இப்ப சரி.”

எட்டு மணி பஸ்ஸில் கவிதா டீச்சர் பெட்டியோடு இறங்கி நேராகப் பூங்காவுக்கு வந்தார். ஃபோபோஸைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். பள்ளத்தில் விளக்கு, மேலே மஞ்சள் துணி, பக்கத்தில் வேல். திருதிருவென்று விழித்தார். பிறகு கல்வெட்டின் கடைசி வரியைப் பார்த்து, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்குண்ணே” என்றார். “ஆனா ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். செவ்வாய்க்கு இன்னொரு நிலா இருக்கு. டீமோஸ். அது இதவிடச் சின்னது. அதுவும் உருண்டை இல்ல.”

கேட்டருகே பூக்கூடையோடு நுழைந்த பச்சையம்மாள் அங்கேயே நின்றார். “ரெண்டு இருக்கா?”

தர்மன் வானத்தைப் பார்த்தார். காத்தாயி மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மொதல்ல கல்வெட்ட எழுதி வாங்கிட்டு வாங்க டீச்சர்” என்றார். “அப்புறம் கலவ போடறேன்.”